கெட்டிக் குருமா

அத்தியாயம் பதினான்கு

ஒன்பது நாளாக சம்சுல் ஆலம் தன் வீட்டுக் குழம்பைத் தொடவில்லை.

போன வாரம் விட்ட இடம் வழக்கமாகப் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொடைக்கானல் பஜாரில் நாற்பது வருஷமாக மளிகைக்கடை வைத்திருக்கும் சம்சுல் ஆலத்துக்குச் சர்க்கரை வியாதி. நாலு மாதத்துக்கு முன்னால் மருமகள் ஆஃப்ரா சோறு, கோதுமை, கிழங்கு எல்லாவற்றையும் வீட்டை விட்டு விரட்டி, மாவுச்சத்து குறைந்த சாப்பாட்டுக்கு எல்லாரையும் மாற்றினாள். மாமனார் சொன்னபடி கேட்டார். அப்படியும் மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் இறங்காமல் ஏறி வந்தது. மகன் பாசித் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி கடைக்கே போய், சாமான் வாங்க நின்றவர்கள் முன்னால், "எந்தக் கடையில அத்தா திருட்டுத் தீனி திங்கிறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

"நான் வெளிய ஒண்ணும் திங்கலப்பா" என்றார் சம்சுல் ஆலம்.

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது.

அன்றிலிருந்து அவருக்கு வேளைக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர். குழம்புக் கிண்ணத்தை வைத்தால் கையால் ஓரமாகத் தள்ளிவிடுவார்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு பாசித் சுகர் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தான். சம்சுல் ஆலம் விரலை நீட்டினார். ஊசி குத்தும்போது ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஏரிப் பக்கம் ஒன்றும் தெரியாத அளவுக்கு மஞ்சு மூடிக் கிடந்தது.

"நூத்திப் பதினெட்டு!" என்றான் பாசித். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சார்ட்டில் எழுதினான். "போன மாசம் இதே நேரத்துல, வெறும் வயித்துல, நூத்தித் தொண்ணூறு. ஒம்பது நாள் வாயக் கட்டினதும் எறங்கிருச்சா இல்லையா? இப்பவாவது ஒத்துக்கங்கத்தா."

சம்சுல் ஆலம் விரலைப் பஞ்சில் துடைத்தார். "வெரசா முட்டைய எடு, ஜஹனாரா. கடையத் தொறக்கணும்."

"அதப் பத்தியும் பேசணும்" என்றான் பாசித். "சனிக்கிழமையிலருந்து கல்லாவுல நான் உக்காந்துக்கறேன். எனக்கு ரூம் புக்கிங் போன்ல பாக்குற சோலிதானே, அங்கிருந்தே பாத்துக்கலாம். நீங்க வீட்டுல இருங்க. பஜார்ல இருந்தாத்தானே வடைக்கடையும் டீக்கடையும் கூப்பிடுது."

"மாமாவ இப்படிப் பேசாதீங்க" என்றாள் ஆஃப்ரா, அடுக்களையிலிருந்து.

"பின்ன எப்படிப் பேசறது? கால் விரல் போனதுக்கப்புறம் மரியாதையாப் பேசவா?"

சம்சுல் ஆலம் மகனைப் பார்க்கவில்லை. மனைவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஜஹனாரா உடனே குனிந்து முட்டை உரிக்கத் தொடங்கினாள். ஓட்டோடு வெள்ளையும் சேர்ந்து பிய்ந்து வந்தது. குண்டும் குழியுமாக இருந்த அந்த இரண்டு முட்டைகளையும் தட்டில் வைத்து, பக்கத்தில் உப்பை வைத்தாள்.

அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சார்ட்டில் அந்த எண் காயாத மையோடு இருந்தது. தற்செயல் என்று ஜஹனாரா ஒரு வாரம் சொல்லிக்கொண்டாள். குளிர் குறைந்தது, நடை கூடியது என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டாள். இனிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அவர் வெளியே திங்கவில்லை என்பது இந்த வீட்டில் அவளுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

*

அடுப்பில் இரண்டு பெரிய சட்டிகள் ஏறின. வியாழக்கிழமை வெஜிடபிள் குருமா. இரண்டு மாதமாக ஏழு வீடுகளுக்கு டப்பா போகிறது. எல்லாமே சர்க்கரைக்காரர் இருக்கும் வீடுகள். டப்பா மூடியில் ஆஃப்ரா தன் கையாலேயே எழுதி ஒட்டுவாள்: 'மாவு இல்லை. கிழங்கு இல்லை. சர்க்கரை இல்லை.' கீழே அவள் கையெழுத்து.

ஆஃப்ரா திண்டுக்கல்லில் ஹோம் சயின்ஸ் படித்தவள். குழம்புக்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தாள். மாவு போடாமல் குழம்பைக் கெட்டியாக்கும் வழிகளெல்லாம் அதில் வரிசையாக இருந்தன. காலிஃபிளவரை ஆவியில் வேகவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து ஊற்றுவது ஒன்று. ஊறவைத்த பாதாமும் பூசணி விதையும் அரைப்பது ஒன்று. தாண்டிக்குடிப் பக்கமிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டை மசித்துச் சேர்க்கலாம், ஆனால் இறக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும், கொதித்தால் கசந்துவிடும். கறிக்குழம்பென்றால் எலும்பு சூப்பைப் பாதியாகச் சுண்டவிட்டாலே போதும். கடைசியில் சிவப்பு மையில் ஒரு வரி: 'மலையில் சீக்கிரம் சுண்டாது. அவசரப்படக் கூடாது.'

ஜஹனாரா அவசரப்பட்டாள். நடந்தது அதுதான்.

சாப்பாடு மாறிய மூன்றாவது வாரம். கொழுந்தன் சஜ்ஜாத் அய்யம்பாளையத்திலிருந்து ஏதோ சோலியாக வந்தவன் மதியம் சாப்பிட உட்கார்ந்தான். கிண்ணத்தில் கரண்டியை விட்டுத் தூக்கினான். குருமா சலசலவென்று கீழே இறங்கியது.

"என்ன மதினி, ஆணத்தை வடிகட்டிட்டீங்களா? கால் நனைச்சுட்டு வரலாம் போலிருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். சம்சுல் ஆலமும் சிரித்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் வைத்த ஆணத்தை, அவர்கள் வீட்டில் குழம்பை அப்படித்தான் சொல்வார்கள், தண்ணி என்று ஒருத்தர் சொன்னதில்லை. நிக்காஹ் வீட்டுச் சட்டிக்குக் கூட அவளைக் கூப்பிட்டு, "ஜஹனாரா, கரண்டியில நிக்குதான்னு பாரு" என்று கேட்டுவிட்டுத்தான் இறக்குவார்கள்.

மறுநாள் கடைவீதிக்குப் போனாள். கணவன் கடையில் பொட்டுக்கடலை மூட்டையாகக் கிடந்தது. ஆனால் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு சாமானையும் அவர் வாய்விட்டுச் சொல்லித்தான் நிறுப்பார். அதோடு, பாசித் போட்ட வீட்டுச் சாமான் லிஸ்டில் பொட்டுக்கடலைக்கு இடம் கிடையாது. அதனால் எதிர்ச்சாரியில் ஞானவேல் கடைக்குப் போனாள். மளிகைக்காரர் பெண்டாட்டி இன்னொரு மளிகைக்கடையில் கைப்பையைத் திறந்து நின்றாள்.

முதலில் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. பிறகு ஒரு கரண்டி. பிறகு இரண்டு அவித்த உருளைக்கிழங்கும் அரைபட்டது. டின்னைச் சோறு வடிக்கிற பெரிய குண்டானுக்குள் வைத்து மூடினாள். சோறு வடிக்காத வீட்டில் அந்தக் குண்டானை யார் திறக்கப் போகிறார்கள்?

குழம்பு நின்றது. சம்சுல் ஆலம், "இன்னைக்குத்தான் ஆணம் ஆணமா இருக்கு" என்றார். சோறு இருந்த காலத்தில் குழம்பு இரண்டு கரண்டி. சோறு போன பிறகு குழம்புதானே சாப்பாடு? மூன்று வேளையும் கிண்ணம் கிண்ணமாக வாங்கிக் குடித்தார். அவர் குடிக்கக் குடிக்க அவளுக்கு மனம் குளிர்ந்தது. அதை இப்போது நினைத்தால் காது மடல் சுட்டது.

"மாமி, இன்னைக்கு என்ன இப்படி இருக்கு?" ஆஃப்ரா சட்டிக்குள் கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தாள்.

இன்று ஜஹனாரா எதையும் சேர்க்கவில்லை. குண்டான் பக்கமே போகக் கூடாது என்று இருந்தாள்.

"கொஞ்சம் சுண்டட்டும்" என்றாள்.

"ஒம்பதரைக்கு டப்பா கெளம்பணுமே. நான் நோட்டுல எழுதினபடி செஞ்சா எனக்கு இப்படித்தான் தண்ணியா வருது. நீங்க கை வெச்சாத்தான் கெட்டியாகுது. எல்லாருகிட்டயும் நான் அதைத்தான் சொல்லி வெச்சிருக்கேன், எங்க மாமி கைப்பக்குவம்னு." சிரித்துக்கொண்டே லேபிள் கட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். "அந்தக் கைய இன்னைக்கும் கொஞ்சம் காட்டுங்க மாமி."

ஜஹனாரா சட்டியைப் பார்த்தபடி நின்றாள். கொதிக்கிற சத்தம். முன்னறையில் பேனா ஓடுகிற சத்தம். பிறகு அவள் குண்டானைத் திறந்தாள்.

இன்றும்.

*

மதியம் பன்னிரண்டரைக்கு முட்டையும் வெள்ளரிக்காயும் எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கினாள். எதிர்ச்சாரியிலிருந்து ஞானவேல் குரல் கொடுத்தார்.

"என்ன பாயம்மா, இன்னைக்கும் வெள்ளரிக்காயா? பாய் கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. அந்தக் குருமாவ மனுசனுக்கு ஒரு வாய் குடுங்க. எங்க வீட்டுல சுந்தராம்பா டப்பாவக் கழுவிக்கூடக் குடிச்சுர்றா, எனக்கு ஒரு சொட்டு மிச்சம் வெக்க மாட்டேங்கிறா."

ஜஹனாரா சிரித்ததாகப் பேர் பண்ணிக்கொண்டு உள்ளே போனாள்.

கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கும் அறை. பூம்பாறைப் பூண்டு நெடி மூக்கில் ஏறியது. சம்சுல் ஆலம் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நீங்க வெளிய திங்கல."

"அது எனக்குத் தெரியுமே."

"குருமாவுல நான்..."

"பொட்டுக்கடலை" என்றார் அவர்.

அவர் முட்டையில் உப்பைத் தொட்டுக்கொண்டார். கடிக்கவில்லை.

"அன்னைக்கு பாசித் கத்திட்டுப் போனதும் ஞானவேல் வந்தான், ஆறுதல் சொல்ல. பேச்சு வாக்குல கேட்டான், 'ஏன் பாய், உங்க கடைச் சரக்கு சரியில்லையா, வீட்டம்மா வாரா வாரம் என் கடையில பொட்டுக்கடலை வாங்கிட்டுப் போறாங்களே'ன்னு. கேலிக்குத்தான் கேட்டான். அவனுக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சுச்சு. அப்படித்தானான்னு பாக்க முட்டைக்கு மாறினேன்."

"கிழங்கும் போட்டேன்" என்றாள் ஜஹனாரா.

அது அவருக்குத் தெரியாது. "கிழங்குமா?"

"ரெண்டு."

வெளியே ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது.

"ஒம்பது நாளா நீதான் முட்டை உரிச்சு வெக்கிற" என்றார். குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தடவையும் இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு பாத்தேன். உப்ப வெச்சுட்டு வெச்சுட்டுப் போயிட்ட."

"நீங்களே ஏங்க சொல்லல? பாசித்துகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு? என் பேச்ச நம்பாதவன்கிட்ட, ஒங்கம்மாதான் செஞ்சான்னு சொன்னா, நான் தப்பிக்கப் பாக்குறேன்னுதான் நெனப்பான். நம்பிட்டான்னா, மருமக முன்னாடி நீ தலை குனிஞ்சு நிக்கணும். அதுவும் எனக்கு முடியல." தட்டைக் கீழே வைத்தார். "கோவமும் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல. நீயா வந்து சொல்லாம நான் சொல்றதில்லைன்னு ஒரு வீம்பு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாத. முன்னாடி ஆள் நிக்கும். இப்பச் சொல்லிட்டல்ல, எனக்குப் போதும். புள்ளைங்ககிட்ட வாயத் தொறக்காத. சனிக்கிழமை அவனே உக்காரட்டும். எனக்கும் அறுபத்தி மூணு ஆகுது. கெழவன் திருட்டுத் தீனி தின்னான்னே இருக்கட்டும்."

அதைக் கேட்டதும் ஜஹனாராவுக்கு மூச்சு இலேசானது. யாருக்கும் தெரிய வேண்டாம், ஆஃப்ராவுக்குத் தெரிய வேண்டாம், எல்லாம் இந்தப் பூண்டு மூட்டைக்குள்ளேயே கிடக்கட்டும். ஒரு நிமிஷம் அப்படி நின்றாள். அந்த ஒரு நிமிஷ நிம்மதிதான் அன்று முழுவதும் நடந்ததில் அவளுக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

"பாய்! ஆள் இருக்கீகளா?"

பூம்பாறைக் கந்தம்மாள் பூண்டுச் சாக்கோடு வந்து நின்றாள். ஊருக்குப் போகிற பஸ் அப்போதுதான் திரும்பி நின்றது. சம்சுல் ஆலம் எழுந்து போய் சாக்கைத் தராசில் ஏற்றினார். கந்தம்மாள் தராசுப் பக்கம் திரும்பவேயில்லை. பஸ்ஸில் சீட் போட மகளுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டு கிலோவுக்கு முக்கால் கொறையுது கந்தம்மா. வந்து பாத்துக்க."

"நீங்க சொன்னாச் சரிதான் பாய். நான் என்னத்தப் பாக்க?"

ஜஹனாரா மூட்டை அறை வாசலில் நின்று அதைக் கேட்டாள். தூக்குப் பையை எடுத்துக்கொண்டு, அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் மேட்டில் ஏறினாள்.

*

நாலரை மணிக்கு பாசித் வந்தான். ஜெர்கினைக் கழற்றி மாட்டிவிட்டு, "அத்தாவுக்கு சனிக்கிழமை என்ன சாப்பாடுன்னு ஒரு லிஸ்ட் போடும்மா" என்றான்.

"அந்த சார்ட்டக் கிழி" என்றாள் ஜஹனாரா.

"எந்த சார்ட்ட?"

"அத்தா எங்கயும் திங்கல. நான்தான் போட்டேன்."

ஆஃப்ரா காலி டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "என்ன போட்டீங்க மாமி?"

ஜஹனாரா அடுக்களைக்குள் போய்ச் சோற்றுக் குண்டானைத் திறந்து டின்னை எடுத்து வந்தாள். மேசையில் வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை. ஆஃப்ராதான் திறந்து பார்த்தாள், விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"எப்பலருந்து?"

"சஜ்ஜாத் வந்துட்டுப் போன மறுநாளுலருந்து. கிழங்கும்."

பாசித் நின்றபடியே இருந்தான். "நான் பத்துப் பேர் முன்னாடி கேட்டேம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சா சும்மா இருந்த? தெனம் காலைல நான் அவர்ட்ட ஒத்துக்கங்கன்னு சொல்றேன். நீ பக்கத்துலயே நின்னு முட்டை உரிக்கிற!"

"ஆமா."

வேறு ஏதாவது சொல்வாள் என்று பார்த்தான். அவன் உட்கார்ந்தான்.

ஆஃப்ரா டின்னின் மூடியைத் திருப்பித் திருப்பி மூடினாள். அது சரியாகப் பொருந்தவில்லை. "டப்பாவுலயுமா மாமி?"

"டப்பாவுலயும்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும்தான். நீ லேபிள் எழுதப் போனப்ப."

ஆஃப்ரா சத்தம் போட்டிருந்தால் ஜஹனாராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தன் நோட்டை எடுத்து விரித்தாள். பக்கம் பக்கமாக அடித்து எழுதியிருந்தாள்.

"ஒம்பது நாளா இதுல தப்பத் தேடிட்டிருக்கேன். வெங்காயம் கூடிருச்சோ, பூசணி விதை கூடிருச்சோ, மாமா ஒடம்புக்குக் காலிஃபிளவர் ஆகலையோன்னு. வெளிய திங்கிறார்னு இவர் சொன்னப்பக்கூட நான் நம்பல. என் கணக்குதான் தப்புன்னு நெனச்சேன்." நோட்டை மூடினாள். "ஏழு டப்பாவுலயும் என் கையெழுத்து இருக்கு மாமி. கிழங்கு இல்லைன்னு."

"தண்ணியா இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்க முடியாமப் போச்சும்மா."

"என்கிட்டக் கேட்டிருந்தா இன்னும் அரைமணி நேரம் சுண்ட வெச்சிருப்பேனே!"

அரைமணி நேரம். அதுதான் வேண்டியிருந்தது.

ஆஃப்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "எல்லாருக்கும் மெசேஜ் போட்டுர்றேன். இன்னைக்கு டப்பாவத் தொடவேண்டாம்னு. ஏன்னு என்ன எழுதட்டும்?"

"தொடவேண்டாம்னு மட்டும் போடு. ஏன்னு நான் போய்ச் சொல்றேன்."

"ஏழு வீட்டுக்குமா?"

"ஏழு வீட்டுக்கும்தான் குடுத்தேன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது மகனிடம் திரும்பினாள். "ஏலே, நீ கடைக்குப் போ. ஆள் இருக்கும்போதே போ."

பாசித் ஜெர்கினைக் கையில் எடுத்தான். ஒரு கையை நுழைத்தான். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டும்மா போவேன்?"

"எனக்கும் அதே மூஞ்சிதான்" என்று சொல்லிவிட்டு ஜஹனாரா இறங்கினாள்.

*

முதல் வீடு ஞானவேல் வீடு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், இருபத்தேழு படி இறங்க வேண்டும். சொல்ல வேண்டியதைப் படிக்குப் படி அடுக்கிக்கொண்டே இறங்கினாள். முதலில் மன்னிப்பு. பிறகு என்ன போட்டது. பிறகு எவ்வளவு நாள். பிறகு மறுபடி மன்னிப்பு.

சுந்தராம்பாள் கதவைத் திறந்தாள். பழனியில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பெண். கல்யாணமாகி மலைக்கு வந்தவள். வெங்காயம் பூண்டு விஷயத்தில்தான் மலை அவளைக் கொஞ்சம் மாற்றியிருந்தது.

"வா வா, ஜஹனாரா! உனக்கு நூறு ஆயுசு. இப்பத்தான் உன்னைய நெனச்சேன். குருமா இன்னைக்கு அமிர்தம் போ. மதியம் ஒரு டம்ளர் குடிச்சேன், ராத்திரிக்கு வெச்சிருக்கேன். என்னமோ உன் மருமக போன்லருந்து மெசேஜ் வந்துச்சு, கண்ணாடியக் காணோம், நான் படிக்கல. உள்ள வாயேன், ஏன் அங்கயே நிக்கிற?"

"அக்கா, ஒரு விஷயம்..."

"இரு, தண்ணி குடிச்சுக்கறேன்." சொம்பை எடுத்து மடமடவென்று குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். "ரெண்டு வாரமா தாகம் தாங்கல. குளிர் காலத்துல போய் இப்படித் தண்ணி குடிக்கிறேன்னு இவர் வையிறார். ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறேன். காலும் எரியுது. மலைக்காத்துதான், வேறென்ன?"

படியில் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளெல்லாம் ஜஹனாராவுக்குக் கலைந்தன.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களாக்கா?"

சுந்தராம்பாள் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இவர்ட்டச் சொல்லிராத. ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன். மூணு வாரமாச்சு. உங்க டப்பாவுலதான் எழுதியிருக்கே, மாவு இல்ல, கிழங்கு இல்லன்னு. பின்ன எதுக்கு மாத்திரை? மாத்திரை போட்டாத் தலை கிறுகிறுங்குது. உன் குருமாவ நம்பித்தான் நிறுத்தினேன்."

இரண்டு மாதமாக ஜஹனாரா அந்த வீட்டு நிலைப்படியில் நின்று டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவள். கூப்பிட்டாலும் உள்ளே போனதில்லை. இப்போது செருப்பை உதறிவிட்டு நேரே அடுக்களைக்குப் போனாள். அடுப்புத் திட்டில் குருமா மூடி வைத்திருந்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே கரண்டி சாயாமல் நின்றது. பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள்.

"ஜஹனாரா! என்னடி பண்ற? கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?"

"பொட்டுக்கடலை அக்கா. கிழங்கும். நான்தான் போட்டேன், மருமகளுக்குத் தெரியாம." ஒரே மூச்சில் வந்தது. மன்னிப்புக் கேட்க மறந்துபோனாள். "உக்காருங்க மொதல்ல. மாத்திரைய எங்க வெச்சிருக்கீங்க? டாக்டருக்குப் போன் போடணும். நீங்க கடைசியா சுகர் பாத்து எத்தனை வாரமாச்சு?"

சுந்தராம்பாள் தொட்டியைப் பார்த்தாள். ஜஹனாராவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு முக்காலியில் மெதுவாக உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி வாரங்களை எண்ணத் தொடங்கினாள்.

ஒரு கை முடிந்தது. அடுத்த கையைத் தூக்கினாள்.